ஆள் உட்கார்ந்திருக்க 'ஆஃப்' காட்டும் விளக்கு: ஏர்பேக் சென்சார்களும் முடியாத ரீகால்களும்

காரின் முன்சீட்டில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், வளர்ந்த பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சீட் பெல்ட் போட்டாயிற்று. வண்டி கிளம்பிய சற்று நேரத்தில் டேஷ்போர்டின் நடுவே மஞ்சளாக ஒரு சின்ன விளக்கு எரிகிறது: 'பாசஞ்சர் ஏர்பேக் ஆஃப்'. கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருகிறார். அணைகிறது. இரண்டு சிக்னல் தாண்டியதும் மறுபடி எரிகிறது.

அந்த விளக்கு எரிகிற நேரம் முழுக்க, அவருக்கு முன்னால் இருக்கும் ஏர்பேக் இருந்தும் இல்லாத கதைதான். நேருக்கு நேர் மோதினாலும் விரியாது. அந்த சீட்டில் ஆளே இல்லை, அல்லது சின்னக் குழந்தைதான் இருக்கிறது என்று கார் நம்புகிறது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கும்போது விளக்கு ஒழுங்காக நடந்துகொள்கிறது. "பிரச்சினை எதுவும் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெவ்வேறு கம்பெனிகளின் கார்களை வைத்திருந்த எத்தனையோ பேர் இதே அனுபவத்தை அரசின் பாதுகாப்பு அமைப்பிடம் புகாராக எழுதியிருக்கிறார்கள். ஒரு குறை இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தும், ரீகால் அறிவித்து, அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே அழைத்து, பழுதுபார்த்த பிறகும் ஏன் தீராமல் போகிறது? அதைப் புரிந்துகொள்ள, சீட்டில் இருப்பது யார் என்று காருக்குச் சொல்லும் சென்சார் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏர்பேக் என்றதும் மெத்தென்ற தலையணை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆனால் மோதல் நடந்த ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் அது விரிந்து முடிந்தாக வேண்டும். அதற்காக மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் அளவுக்கு வெளியே பாய்கிறது. பெல்ட் போட்டு, முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அது உயிர் காக்கும். டேஷ்போர்டுக்கு அருகே தலை இருக்கும் குழந்தைக்கு அதே வேகம் எமனாகிவிடும். 1990 முதல் 2008 வரை, அமெரிக்காவில் குறைந்த வேக மோதல்களில் முன்பக்க ஏர்பேக் விரிந்த வேகத்தாலேயே 290-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள், அல்லது சரியாகப் போடாதவர்கள். குழந்தைகள் பலர். பின்னோக்கிப் பொருத்தும் கைக்குழந்தை இருக்கையை முன்சீட்டில் வைத்தால் குழந்தையின் தலை ஏர்பேக் மூடிக்கு மிக அருகில் வந்துவிடும். தூக்கிவாரிப்போடும் செய்திகளாக அவை 1990-களில் அடுத்தடுத்து வந்தன.

ஏர்பேக்கையே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. 1987 முதல் 2017 வரை முன்பக்க ஏர்பேக்குகள் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன என்பது அரசின் மதிப்பீடு. ஆகவே 2000-ஆம் ஆண்டு மே மாதம், தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. முன்சீட்டில் இருப்பது யார் என்பதை அறிந்து நடந்துகொள்ளும் ஏர்பேக் வேண்டும் என்றது அந்த விதி. 2003 செப்டம்பரில் தொடங்கிப் படிப்படியாக 2006 செப்டம்பருக்குள் எல்லாப் புதிய கார்களுக்கும் அது வந்து சேர்ந்தது. ஒரு வயது, மூன்று வயது, ஆறு வயதுக் குழந்தைகளின் அளவில் பொம்மைகளை வைத்துச் சோதிப்பார்கள். குழந்தை இருந்தால் ஏர்பேக் அணைய வேண்டும், அல்லது காயப்படுத்தாத அளவுக்கு மெதுவாக விரிய வேண்டும். இன்னொரு பக்கம், சுமார் 49 கிலோ எடையுள்ள சிறிய உருவப் பெண் பொம்மை உட்கார்ந்தால் கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

ஆறு வயதுப் பொம்மை சுமார் 23 கிலோ. சிறிய பெண் 49 கிலோ. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பது கார் தயாரிப்பாளரின் கையில் இருக்கிறது. மெலிந்த பதின்வயதுப் பிள்ளைகளும், உடல் வற்றிய முதியவர்களும் அந்த இடைவெளியில்தான் வருகிறார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்களில் 45 கிலோவைத் தொடாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

காய்கறிக் கடைத் தராசில் வெண்டைக்காயை எடைபோடுவது சுலபம், அது அசையாது. சீட்டில் இருப்பது மனிதர். கால்களின் எடை தரையில் இறங்கிவிடுகிறது. முதுகைச் சாய்த்தால் ஒரு பகுதி பின்பலகைக்குப் போகிறது. கதவுப் பக்கக் கைதாங்கியில் முழங்கையை ஊன்றினால் இன்னும் கொஞ்சம் குறைகிறது. பின்சீட்டுக்காரர் முழங்காலால் முன்சீட்டை உந்தினால் கணக்கு வேறு. சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் ஒன்று சிக்கிக்கொண்டால் அதுவும் வேறு. எல்லாவற்றையும் விட விசித்திரமானது குழந்தை இருக்கை: அதை பெல்ட்டால் இறுக்கிக் கட்டும்போது, பெல்ட் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் எடையோடு சேர்ந்துகொள்கிறது. பத்துக் கிலோக் குழந்தை சென்சாருக்குப் பெரிய ஆளாகத் தெரியக்கூடும். அதனால் பல கார்களில் பெல்ட்டின் இறுக்கத்தை அளக்கவே தனியாக ஒரு சென்சார் வைத்து, அந்த விசையைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

எடையை அளக்கும் வழிகளும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலர் சீட்டின் சட்டம் தண்டவாளத்தோடு சேரும் இடங்களில் உலோகத் துண்டுகளை வைத்து, அவை மயிரிழை அளவு வளைவதை மின்தடை மாற்றமாக அளக்கிறார்கள். சிலர் மெத்தைக்கு அடியில் திரவம் நிரம்பிய பை ஒன்றை வைத்து அதன் அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். மெத்தைக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய சென்சார் விரிப்பைப் பரப்புவது இன்னொரு முறை. மனித உடலில் இருக்கும் நீரால் மின்புலம் மாறுவதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் முறையும் உண்டு. எந்த முறையானாலும் அந்தப் பொருள் ஆயிரக்கணக்கான தடவை நசுங்கி, நனைந்து, சூடாகி, குளிர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டு தாங்க வேண்டும். காரின் மற்ற பாதுகாப்பு உறுப்புகள் எதன் மேலும் நாம் தினமும் ஏறி உட்காருவதில்லை.

இந்த அமைப்பு இரண்டு திசைகளில் தவறலாம். பெரியவரைப் பார்க்காமல் விடலாம், அல்லது குழந்தையைப் பெரியவராக எண்ணலாம். இரண்டுமே நடந்திருக்கின்றன.

முதல் வகைக்கு நிஸான் ஒரு நீண்ட உதாரணம். 2014 மார்ச்சில் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் சுமார் 9 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது. ஆல்டிமா, சென்ட்ரா, பாத்ஃபைண்டர், லீஃப் என்று 2013, 2014 மாடல்கள் பல அதில் இருந்தன. பெரியவர் உட்கார்ந்திருந்தும் சீட் காலி என்று மென்பொருள் முடிவு கட்டக்கூடும் என்பது குறை. காரணமாகச் சொல்லப்பட்டது கவனிக்க வேண்டியது: சீட் காலியாக இருக்கும்போது எஞ்சின் ஐடிலில் அதிகம் அதிர்ந்து, அதன் பிறகு ஆள் ஏறி உட்கார்ந்தாலோ, அல்லது வழக்கமில்லாத விதத்தில் உட்கார்ந்தாலோ கணிப்பு தவறலாம் என்றார்கள். மென்பொருளைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று டீலர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள்.

பழுதுபார்த்த வண்டிகளிலும் விளக்கு எரிந்தது. உரிமையாளர்கள் திரும்பப் போனார்கள். "உட்காரும் விதம் சரியில்லை" என்ற பதில் கிடைத்தது என்பது அந்தக் காலப் புகார்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நிமிர்ந்து, சீட்டின் நடுவில், கால் இரண்டையும் தரையில் பதித்து உட்கார வேண்டும் என்று கார்க் கையேட்டில் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் நான்கு மணி நேரப் பயணத்தில் பள்ளிக்கூட போட்டோவுக்கு உட்காருவது போல யார் உட்கார முடியும்? நூறு பேர் நூறு விதமாக உட்காருவார்கள் என்பதைச் சமாளிக்கத்தான் அந்த சென்சாரையே வைத்தார்கள். தூங்கி ஒரு பக்கம் சாய்ந்தவரையும், கர்ப்பத்தால் இடுப்பை மாற்றி மாற்றி வைப்பவரையும் அது அறிந்துகொள்ளவில்லை என்றால் குற்றம் சீட்டில் இருப்பவருடையது ஆகாது.

2016 ஏப்ரலில் நிஸான் மறுபடி ரீகால் அறிவித்தது. இந்த முறை அமெரிக்காவில் மட்டும் சுமார் 32 லட்சம் வண்டிகள். 2013 முதல் 2016 வரையிலான ஆல்டிமாக்களும் சென்ட்ராக்களும் ரோக் போன்ற வேறு மாடல்களும் சேர்ந்திருந்தன. ஏற்கெனவே ஒருமுறை 'சரிசெய்யப்பட்ட' வண்டிகளும் அதில் அடக்கம். இரண்டு ஆண்டுகளாக "உட்காரும் விதம் சரியில்லை" என்ற பதிலையே கேட்டுவந்தவர்களுக்கு அந்தக் கடிதம் என்ன உணர்வைத் தந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இரண்டாவது வகைக்கு ஹோண்டாவின் கதை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம் கார்களுக்கு ரீகால்: 2020 முதல் 2022 வரையிலான அக்கார்டு, சிவிக், சிஆர்-வி, ஒடிஸி, பைலட் போன்றவை. முன்சீட்டின் எடை சென்சார் விரிசல் விட்டு ஷார்ட் ஆகலாம். அப்படியானால் குழந்தை இருக்கும்போது அணைய வேண்டிய ஏர்பேக் அணையாமல் விரிந்துவிடும். ஏன் விரிசல்? ஹோண்டாவுக்கு சென்சார் தரும் கம்பெனிக்குப் பொருள் தரும் இன்னொரு கம்பெனி ஒன்று உண்டு. அதன் ஆலை இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டபோது, சர்க்யூட் பலகையின் அடிப்பொருளைத் தற்காலிகமாக மாற்றியிருக்கிறார்கள். மாற்றுப் பொருள் போதிய சோதனையில் தேறியதல்ல. அதனால் பலகை திரிபுக்கு உள்ளாகி, அதிலிருந்த மின்தேக்கி விரிசல் கண்டு, ஈரப்பதம் புகுந்து ஷார்ட் ஆனது. எங்கோ ஓர் ஆலையில் சில மாதம் மாறிய ஒரு தகடு, இன்னொரு கண்டத்தில் லட்சக்கணக்கான குடும்பங்களின் முன்சீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஹோண்டா தாக்கல் செய்த அறிக்கையில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. 2020 ஜூன் 30 முதல் 2024 ஜனவரி 19 வரை இந்தக் குறை தொடர்பாக 3,834 வாரண்டி கோரிக்கைகள் வந்தன, காயமோ உயிரிழப்போ பதிவாகவில்லை என்கிறது அது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் முதல் கோரிக்கைக்கும் ரீகாலுக்கும் நடுவே மூன்றரை ஆண்டுகள். இதற்குச் சற்று முன்பு, 2023 டிசம்பரில், டொயோட்டாவும் உலகளவில் சுமார் 11 லட்சத்து 20 ஆயிரம் வண்டிகளுக்கு இதே போன்ற காரணத்தால் ரீகால் அறிவித்தது. கேம்ரி, கொரோலா, ராவ்-4 உள்ளிட்ட 2020 முதல் 2022 வரையிலான மாடல்கள் அவை. முன்சீட்டில் இருப்பவரை அறியும் சென்சார் தயாரிப்பிலேயே சரியாக அமையாததால் ஷார்ட் ஆகலாம் என்பதுதான் அங்கும் காரணம்.

இங்கே ரீகால் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் செய்தித்தாள்கள் 'கார்களைத் திரும்பப் பெறுகிறது' என்று எழுதுகின்றன. படிப்பவர் கம்பெனி காரை வாங்கிக்கொண்டு பணத்தையோ வேறு காரையோ தரப்போகிறது என்று நினைப்பார். பெரும்பாலும் யாரும் எதையும் திரும்பப் பெறுவதில்லை. 1966-இல் வந்த அமெரிக்கச் சட்டம் கம்பெனிக்கு மூன்று வழிகள் தருகிறது: பழுதுபார்ப்பது, மாற்றுவது, தேய்மானம் கழித்துப் பணம் தருவது. எது என்று தேர்ந்தெடுப்பது கம்பெனி. ஏறக்குறைய எப்போதும் அது பழுதுபார்ப்பதாகவே இருக்கும்.

குறை இருக்கிறது என்று கம்பெனி முடிவு செய்த நாளிலிருந்து ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு 60 நாட்களுக்குள் உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். கண்டிப்பான விதிகள் போலத் தெரியும். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது 'முடிவு செய்த நாளில்'. அதற்கு முந்தைய மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் கணக்கு இல்லை. பாதுகாப்பு நிர்வாகத்தின் விசாரணைப் பிரிவு தனக்குத் தானே வைத்துக்கொண்ட கெடுக்களைக்கூட எட்டுவதில்லை என்று 2023-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமைத் தணிக்கை அதிகாரி அலுவலகம் அறிக்கை தந்தது.

கடிதம் வந்தாலும் பல நேரம் அது பாதிக் கடிதம்தான். "உங்கள் வண்டியில் பாதுகாப்புக் குறை இருக்கிறது. உதிரிபாகம் இன்னும் தயாராகவில்லை. தயாரானதும் மறுபடி எழுதுவோம்." 2023 பிப்ரவரியில் ஃபோக்ஸ்வேகன் அட்லஸ் வண்டிகள் சுமார் 1 லட்சத்து 43 ஆயிரத்துக்கு ரீகால் வந்தபோது, முன்சீட்டு ஆளை அறியும் அமைப்பின் வயரிங்கில் குறை, ஏர்பேக் அணைந்துவிடலாம், பழுதுபார்க்கும் வரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள் என்று சொன்னார்கள். அட்லஸ் பெரிய குடும்பங்கள் வாங்கும் வண்டி. மாதத் தவணை முழுசாகப் போய்க்கொண்டிருக்க, முன்சீட்டில் ஆள் உட்காரக் கூடாது. அந்தக் காலத்துக்கு மாற்று வண்டி தர வேண்டும் என்று மத்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. டீலர் மனம் வைத்தால் உண்டு.

பட்டியலில் இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். ரீகால் 17 எழுத்து, எண் கொண்ட சாஸி நம்பரை வைத்துத்தான். பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடலுக்குக் கடிதம் வரும். உங்கள் வண்டி சில வாரம் தள்ளித் தயாரானது என்றால் வராது. விளக்கு மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி எரியும். பரிசோதனைக் கூலியை உங்கள் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பழைய கார் வாங்கியவர்களுக்குக் கடிதம் பழைய முகவரிக்கே போய்த் தொலைகிறது. பழுதுபார்க்காத ரீகாலோடு பழைய காரை விற்பதை டீலர்களுக்குத் தடைசெய்யும் மத்தியச் சட்டமும் கிடையாது. வாடகைக் கார்களுக்கு மட்டும், 35 வண்டிகளுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு, 2016 முதல் தடை இருக்கிறது. 2004-இல் கலிஃபோர்னியாவில், ரீகால் வேலை செய்யாத வாடகைக் காரில் போன சகோதரிகள் இருவர் இறந்தார்கள். அவர்களின் தாய் ஆண்டுக்கணக்கில் போராடி வாங்கிய சட்டம் அது.

டகாட்டா என்ற ஜப்பானிய ஏர்பேக் கம்பெனியின் விவகாரமும் இந்தச் சலிப்பைக் கூட்டியது. வெடித்துச் சிதறக்கூடிய இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊதி விரிக்கும் பாகம்) அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம். அதற்கே உதிரிபாகம் கிடைக்காமல் மக்கள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இன்னொரு கடிதம், இன்னொரு ஏர்பேக் என்று வரும்போது பிரிக்காமலே மேசையில் போடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது ஒரு கணக்கு முறை. ரீகால் அறிவித்த கம்பெனி காலாண்டுதோறும் அரசுக்கு அறிக்கை தர வேண்டும். எத்தனை பேருக்குக் கடிதம் போனது, எத்தனை வண்டிகள் பழுதுபார்க்கப்பட்டன, எத்தனை பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற எண்கள் அதில் இருக்கும். பழுதுபார்த்த பிறகு விளக்கு சரியாக எரிகிறதா என்பதற்கு அங்கே இடமில்லை. மென்பொருளைப் புகுத்தி வேலை முடிந்தது என்று குறித்த கணமே அந்த வண்டி 'சரிசெய்யப்பட்டது' பக்கத்துக்குப் போய்விடுகிறது. பிரேக் குழாயையோ இன்ஃப்ளேட்டரையோ மாற்றுகிற ரீகாலுக்கு இது போதும், மாற்றிய பாகம் கண்ணுக்குத் தெரியும். ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் சென்சாருக்குப் போதாது. அது சரியாகிவிட்டதா என்பதை அந்த சீட்டில் தினமும் உட்காருகிறவர் மட்டும்தான் சொல்ல முடியும். அவர் சொல்வதைக் கேட்க முறையான வழி, அவர் புதிதாக இன்னொரு புகார் எழுதுவதுதான். 2014-க்கும் 2016-க்கும் நடுவே நிஸான் உரிமையாளர்கள் பலர் அப்படி எழுதினார்கள்.

இந்தியாவில் முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021-இல்தான். ரீகாலுக்குச் சட்ட வலுவும் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் வந்தது. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அது பொருந்தும், மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களின் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற அழைத்தபோது, மாற்றும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றே வெளிப்படையாகச் சொன்னது. எடை பார்த்துத் தானே அணையும் ஏர்பேக் இங்கே இன்னும் பரவலாகவில்லை. சாவியால் திருப்பி அணைக்கும் சுவிட்ச்தான் சில கார்களில் இருக்கிறது. சென்சார் பரவும்போது இதே விளக்கும் கூடவே வரும்.

விளக்கு தப்பாக எரியும் காரை வைத்திருப்பவருக்கு இப்போதைக்குச் செய்யக்கூடியது சில உண்டு. பழுது தீரும் வரை பெரியவர்கள் பின்சீட்டுக்குப் போவது, குழந்தைகளைப் பின்சீட்டிலேயே வைப்பது. கூடுதல் சீட் உறை, மெத்தை, மடியில் கனமான பை என்று எதுவும் இல்லாமல் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது, ஏனென்றால் சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். விளக்கு எரியும்போதே, சீட்டில் இருப்பவரும் விளக்கும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி போட்டோவோ வீடியோவோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வது. அமெரிக்காவில் இருப்பவர்கள் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் சாஸி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாவிட்டாலும் புகாரைப் பதிவு செய்வது. ரீகால் வேலை ஏற்கெனவே முடிந்த வண்டி என்றால் அதைப் புகாரில் முதல் வரியிலேயே எழுதுவது.

சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் அவர்கள் வழக்கமாக 'ஏர்பேக் செக்' என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுவார்கள். "இத்தனை கிலோ எடையுள்ளவர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது ஆஃப் விளக்கு எரிகிறது, ரீகால் வேலை இன்ன தேதியில் முடிந்தது, அதற்குப் பிறகும் எரிகிறது" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். அந்த வாக்கியம் ஏறிய நகலைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.